நகர்ந்த கண்டமும் மூழ்கிய கண்டமும்

பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். குமரிக்கண்டத்து அரசன் ஒருவனைப் பற்றிய கதை. பஃறுளியாற்றங்கரையில் அரண்மனை, புலவர் சபை, ஒரு காதல், கடைசியில் கடல்கோள். முடிவில் அலைகள் ஊரை விழுங்க, அரசன் மலை உச்சிக்கு ஓடுகிறான். மலையும் அவனைச் சுமந்துகொண்டே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. அதை எழுதி முடித்த இரவு எனக்கே கண் கலங்கிற்று. வயசு அப்படி.

அந்த அத்தியாயம் வெளிவந்த வாரத்தில் ஓசூரிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. தம்மைக் கல் குவாரிக்காரர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, கதை நன்றாக இருந்தது என்று மரியாதைக்கு ஒரு வரி எழுதியிருந்தார். அடுத்த வரி: "நான் மலையை அறுத்து விற்கிறவன் சார், மலை மூழ்காது."

எனக்குக் கோபம் வந்தது. கதாசிரியனிடம் கல் உடைக்கிறவர் கணக்குக் கேட்பதா என்று நினைத்தேன். பதில் எழுதவில்லை. பிறகு ஏதோ காரியமாக ஓசூர் போனபோது அவரே தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை நண்பர்.

இந்த வருஷம் அந்த நாவலை மறுபதிப்புப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்திருக்கிறார். முன்னுரை புதிதாக வேண்டுமாம். அதில் ஒரே ஒரு வாக்கியம் அவசியம் இருக்கவேண்டும் என்றார்: நவீன விஞ்ஞானமும் குமரிக்கண்டத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்று. கண்டங்கள் நகர்கின்றன என்று இப்போது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். ஆகவே குமரிக்கண்டம் இருந்தது நிச்சயம் என்பது அவருடைய தர்க்கம். அந்த 'ஆகவே' எனக்கு உறுத்தியது. முன்னுரையை ஓசூரில் உட்கார்ந்து எழுதலாம் என்று நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புஸ்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஆல்ஃபிரட் வெகனர் எழுதிய 'கண்டங்கள், சமுத்திரங்கள் ஆகியவற்றின் தோற்றம்'. 1929-ஆம் வருஷத்து நான்காம் பதிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1966-இல் வந்தது.

இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். விஞ்ஞான நூலை மதிப்பிட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். விஞ்ஞானத்தை மதிப்பிட யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு மனிதன் தன் வாசகனை எப்படி நம்பவைக்கிறான் என்பதைப் பற்றி நாற்பது வருஷம் கதை எழுதினவனுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம் அல்லவா?

வெகனர் பூகர்ப்ப சாஸ்திரியே அல்ல, வானிலை ஆராய்ச்சிக்காரர். 1880-இல் பெர்லினில் பிறந்தவர். 1910-இல் உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனிக்கிறார். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஒதுக்கிவிடுகிறார். மறு வருஷம் தற்செயலாக ஒரு அறிக்கை கையில் அகப்படுகிறது. பிரேஸிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே மாதிரியான புராதனப் பிராணிகளின் படிமங்கள் கிடைக்கின்றன என்கிறது அது. அப்புறம்தான் சிரத்தை பிறக்கிறது. 1912 ஜனவரியில் ஃப்ராங்க்பர்ட் நகரில் முதல் தடவையாகப் பேசுகிறார். 1915-இல் புஸ்தகம் வருகிறது. முதலில் தாமே நம்பவில்லை என்பதை அவர் முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறார். நம்மவர்களில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதிய எவரும் தாம் ஒரு நாளாவது சந்தேகப்பட்டதாக ஒப்புக்கொண்டு நான் படித்ததில்லை. நானும் ஒப்புக்கொண்டதில்லை.

புஸ்தகத்தின் அழகு ஒரு உவமையில் இருக்கிறது. கிழிந்துபோன செய்தித்தாளின் துண்டுகளை விளிம்பு விளிம்பாகச் சேர்த்துப் பார்க்கிறோம். விளிம்பு பொருந்துவது ஒரு சாட்சி. அச்சடித்த வரிகள் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஓடினால் அது வேறு சாட்சி. அப்படிப் பல வரிகள் ஓடினால் அப்புறம் சந்தேகத்துக்கு இடமேது? கரைகள் விளிம்பு, மலைத்தொடர்கள், படிமங்கள், பழைய பனிப்பாறைகளின் தடங்கள் எல்லாம் வரிகள். இந்த உவமை தமிழ் உரையாசிரியர் ஒருவருக்குத் தோன்றியிருந்தால் நாம் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்போம்.

அந்த வரிகளில் ஒன்று குளோஸாப்டெரிஸ் என்ற செடியின் இலை. நாக்குப் போன்ற வடிவம். நம்முடைய ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிப் படுகைகளில் இதன் படிமம் அகப்படுகிறது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் அகப்படுகிறது. வெகனர் ஃப்ராங்க்பர்டில் பேசிய அதே 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட் என்ற ஆங்கிலேயரும் அவருடைய தோழர்களும் பனியில் மடிந்தார்கள். பசியிலும் குளிரிலும் செத்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் சறுக்குவண்டியிலிருந்து 35 ராத்தல் கற்களை மட்டும் கீழே போடவில்லை. சடலங்களோடு அந்தக் கற்களும் கிடைத்தன. அவற்றில் இருந்தது இந்த இலை. ஒரு நாவலாசிரியன் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பீர்கள்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். புஸ்தகத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய பகுதி மூழ்கிய தரைப்பாலங்களைப் பற்றியது. வெகனருக்கு முந்தியவர்கள், சமுத்திரத்துக்கு இரு புறமும் ஒரே பிராணி இருப்பதைக் கண்டால் நடுவில் ஒரு தரை இருந்து மூழ்கிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அப்படிப் பிறந்ததுதான் லெமூரியா. 1864-இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியல்காரர் மடகாஸ்கரின் லெமூர்களைப் பற்றி எழுதுகையில் அந்தப் பெயரை வைத்தார். லெமூருக்கு உறவான தேவாங்கு நம் திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. ஆப்பிரிக்காக் கரையோரத்து லெமூரும் திண்டுக்கல் தேவாங்கும் எப்படி உறவாயின என்பது நியாயமான கேள்விதான். ஸ்க்ளேட்டர் நடுவில் ஒரு கண்டத்தைப் போட்டார். எட்வர்ட் ஸூயஸ் இன்னும் பெரிதாக, நம் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரை வைத்துக் கோண்டுவானா என்ற நிலத்தைச் சொன்னார். அவருக்கும் நடுத்தரை மூழ்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

வெகனர் இங்கேதான் கையை உயர்த்தி நிறுத்துகிறார். கண்டத்துப் பாறை லேசானது, கடலடிப் பாறை கனமானது. தண்ணீரில் கட்டை மிதப்பதுபோல் லேசானது கனமானதன்மேல் மிதக்கிறது. மிதக்கிற கட்டை விளிம்பில் நனையலாம், உடைந்து இரண்டு துண்டாகி விலகலாம். தானாக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளாது. ஆகவே பாலங்கள் மூழ்கவில்லை, நிலங்கள் விலகிப்போயின என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஓசூர்த் தபால் கார்டு ஞாபகம் வந்தது. லெமூரியாவுக்குத் துணையாக நாம் கூப்பிடுகிற கண்ட நகர்வுக் கொள்கைதான் லெமூரியாவை ஒழித்துக்கட்டிய கொள்கை. வாதியின் சாட்சியைப் பிரதிவாதி கூண்டில் ஏற்றின கதை. எங்கள் பதிப்பாளரின் 'ஆகவே' இங்கே அறுந்துவிட்டது.

விமரிசகன் ஒரு பக்கம் மட்டும் பேசக்கூடாது. வெகனரின் புஸ்தகத்தில் ஓட்டைகள் உண்டு. கண்டங்களைத் தள்ளுகிற சக்தி எது என்பதற்கு அவர் சொல்லும் காரணங்கள் கொசு யானையைத் தள்ளுகிற கதை. பூமி சுழல்வதால் பிறக்கும் விசை, சந்திர சூரியர்களின் இழுப்பு என்றெல்லாம் சொல்கிறார். போதாது என்று எதிரிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கிரீன்லாந்து வருஷத்துக்குப் பல கஜ தூரம் நகர்வதாக அளவு கொடுத்தார்; அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. நடையும் வறட்சி, மேற்கோளுக்குமேல் மேற்கோள். ஆனால் சக்தியைக் கண்டுபிடிக்கப்போகிறவன் இன்னும் வரவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் கட்சியின் பலவீனத்தைத் தானே அடையாளம் காட்டுகிற எழுத்தாளனை நான் நம்புகிறேன். 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோது பூகர்ப்ப சாஸ்திரிகளில் பெரும்பாலோர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதில் நம் நாட்டுக்கும் நம் கடலுக்கும் பங்கு உண்டு. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அன்றைய காந்தத் திசை அதில் பதிந்துவிடுகிறது. 1950-களில் லண்டனிலிருந்து பிளாக்கெட்டின் குழுவினர் தக்காணத்து எரிமலைக் கற்களை அளந்து பார்த்தார்கள். அந்தக் கற்கள் பிறந்த காலத்தில் இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது என்று தெரிந்தது. பிறகு 1962-இல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல் அரபிக்கடலுக்குத் தெற்கே, கார்ல்ஸ்பர்க் என்ற கடலடி மலைத்தொடரின்மேல் காந்த அளவுகள் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு வைன், மாத்யூஸ் என்ற இருவர் 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொடருக்கு இரு புறமும் கடலடித் தரை வடக்குக் காந்தம், தெற்குக் காந்தம் என்று மாறி மாறிப் பட்டை பட்டையாக இருக்கிறது; நடுவில் புதிய தரை பிறந்து இரண்டு பக்கமும் விலகினால்தான் அப்படி இருக்கமுடியும் என்றார்கள். புடவையின் இரண்டு கரையும் ஒரே தறியில் நெய்ததைப்போல. கண்டங்கள் கடலடியைக் கிழித்துக்கொண்டு போகவேண்டிய அவசியமில்லை, தட்டோடு தட்டாகச் சேர்ந்து சவாரி செய்கின்றன என்பது அப்புறம் தெளிவாயிற்று. வெகனருக்குக் கிடைக்காத விடை குமரிமுனைக்கு மேற்கே நம் சமுத்திரத்தின் அடியிலேயே கிடந்தது. நாம் அங்கே அரண்மனைகளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் நண்பர் காரில் அழைத்துப்போனார். சந்திரசூடேஸ்வரர் மலைமேல் முதலில் ஏறினோம். கீழே தொழிற்சாலைக் கூரைகள், லாரிகள், பெங்களூரை நோக்கி முண்டுகிற வண்டி வரிசை. இங்கே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேரத்துக்குள் வரும். என் நண்பரும் வீட்டில் தெலுங்கு, குவாரியில் தமிழ், பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம். சேலம் ஜில்லா, தர்மபுரி ஜில்லா, 2004 முதல் கிருஷ்ணகிரி ஜில்லா என்று இந்த ஊரின் விலாசம் இரண்டு தடவை மாறிவிட்டது என்றேன். "ஊரும் நகர்ந்துகொண்டுதான் சார் இருக்கிறது" என்றார். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு இடத்தை அளக்கும் கருவி ஒன்று 1990-களிலிருந்து இருக்கிறது; வருஷத்துக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறோம் என்று அது சொல்கிறது. நான் அந்தத் தொடர்கதை எழுதிய மேஜை இன்று இரண்டு கஜமாவது தள்ளி இருக்கவேண்டும்.

ஓசூரிலிருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரி என்று தெற்கே போகிற நெடுஞ்சாலையில் நம்மில் எத்தனையோ பேர் தூங்கிக்கொண்டே போயிருக்கிறோம். பூமியின் உள்ளே இறங்குகிற சாலை அது என்று நண்பர் சொன்னபோது நான் வேடிக்கை என்று நினைத்தேன். வாஸ்தவம். இங்கே பழைய நிலத்தோடு சாய்ந்து தூக்கப்பட்டு மேற்புறம் தேய்ந்துவிட்டது. அதனால் வடக்கே மேலிடத்துப் பாறையும், தெற்கே போகப்போக மேலும் மேலும் ஆழத்தில் வெந்த பாறையும் வெளியே தெரிகின்றன. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே சாம்பல் நிறக் கல் மெல்ல மெல்ல எண்ணெய் பூசினாற்போன்ற கரும்பச்சையாக மாறுகிறது. ஒரு காலத்தில் இருபது கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் கிடந்த கல். வயசு சுமார் 250 கோடி வருஷம்.

ஒரு குவாரியில் இறங்கினோம். கம்பி அறுத்த சுவரில் ஊதாவும் சாம்பலும் ரோஜா நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழைந்து அலை அலையாக ஓடின. ஏற்றுமதி வியாபாரத்தில் இந்த மாதிரிக் கல்லுக்குப் 'பாரடைசோ' என்று பெயர். இத்தாலியப் பாஷையில் சொர்க்கம். தாந்தேயின் காவியத்து மூன்றாம் பாகத்தின் பெயர். ஆழத்துச் சூட்டில் பாதி உருகிப் பிசைந்த கல்லுக்கு நரகம் என்றுதான் பெயர் வைத்திருக்கவேண்டும். அடுக்களை மேடைக்கு விற்காது. மேஸ்திரி ஒருவர் அலையின் ஓட்டத்தைக் கையால் தடவிக் காட்டி, "இந்த வரி இங்க அறுந்தா அடுத்த பிளாக்குல எங்க வரும்னு சொல்லிடுவேங்க ஐயா" என்றார். வெகனரின் செய்தித்தாள்!

கரும்பச்சைக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதைக் கண்ட தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்திலும் நீலகிரியிலும் இருக்கிற இந்த ஜாதிக் கல் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இருக்கிறது. எந்த வரி எந்த வரியோடு சேரும் என்பதில் பண்டிதர்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. ஒரே தாளின் துண்டுகள் என்பதில் தகராறு இல்லை. மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்து ஏறக்குறைய ஒன்பது கோடி வருஷம் ஆகிறது. லெமூரின் மூதாதைகள் அதற்குப் பின்னால்தான், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்து வந்த மரங்களைப் பற்றிக்கொண்டு, அங்கே போய்ச் சேர்ந்தன என்று இப்போது சொல்கிறார்கள். ஸ்க்ளேட்டரின் கேள்விக்குக் கண்டமே வேண்டியிருக்கவில்லை.

2013-இல் மொரீஷியஸ் மணலில் அந்தத் தீவைவிட மிகப் பழைய ஸிர்கான் துகள்கள் கிடைத்தன. கடலுக்கடியில் ஒரு பழைய நிலத்துண்டு இருக்கிறது என்று சொல்லி அதற்கு மொரீஷியா என்று பெயர் வைத்தார்கள். உடனே நம்மிடம் குமரிக்கண்டம் அகப்பட்டுவிட்டது என்ற உற்சாகம். கண்டங்கள் பிரிந்தபோது கிழிந்து மெலிந்து, பின்னால் எரிமலைக் குழம்பு மூடிய துண்டு அது. அது மூழ்கியபோது குரங்குகூடக் கிடையாது. புலவர் சபைக்கு எங்கே போவது?

அப்படியானால் நம் பழைய நூல்கள் பொய் சொல்கின்றனவா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அப்படிச் சொல்லமாட்டேன். கடல் ஆற்றையும் மலையையும் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அடியார்க்கு நல்லார் அதற்கு உரை எழுதும்போது 700 காவதம், 49 நாடு என்று கணக்குக் கொடுத்தார். இறையனார் களவியல் உரை மூன்று சங்கத்துக்கும் வருஷக் கணக்குக் கொடுத்தது. இந்த உரைகாரர்கள் எவரும் கண்டம் என்று சொல்லவில்லை, லெமூர் என்று சொல்லவில்லை. ஸ்க்ளேட்டரின் ஊகத்தை பிரம்மஞான சங்கத்தார் கையிலிருந்து வாங்கி அவர்கள் தலையில் கட்டியவர்கள் நாம். கா. அப்பாதுரை 1940-களில் இதை ஒரு நூலாகவே எழுதினார். 1981-இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் ஆவணப்படமாகக் காட்டினார்கள். அப்பாதுரையின் தமிழ் எனக்கு இன்றும் இனிக்கிறது. என் நாவலே அந்தத் தமிழின் மயக்கத்தில் எழுதியதுதான். ஆனால் அந்த நூலில் தமக்கு எதிரான ஒரு சாட்சியை அவர் கூப்பிட்டு விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

உரைகாரர்களைக் காப்பாற்ற வேறு நல்ல சாட்சிகள் உண்டு. கடைசிப் பனியுகத்தில் கடல் இன்றைய மட்டத்துக்குச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. ராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நடந்து போயிருக்கலாம். அந்தக் கரைகளை ஆயிரக்கணக்கான வருஷங்களில் கடல் மெல்லக் கொண்டது. அவசரமாகக் கொள்வதும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் நாகப்பட்டினத்தில் நின்றவர்களிடம் கடல்கோள் கட்டுக்கதை என்று யாரால் சொல்லமுடியும்? சுமத்ராவுக்கருகே இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில் சடாரென்று நழுவிற்று, கடல் எழுந்தது. மூழ்கிய கண்டத்தை நம்மிடமிருந்து பறித்த அதே கொள்கை, புலவர்களின் கடல்கோளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எனக்கு அது நல்ல பேரமாகத்தான் படுகிறது.

திரும்புகிற வழியில் பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறை மலையைக் காட்டினார். அங்கே தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். "பழமை வேணும்னா இங்கேயே இருக்கே சார். எதுக்கு அவ்வளவு தூரம் கடலுக்குள்ள போறீங்க?" என்றார் நண்பர். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். நாவலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவேண்டாம். மலை மூழ்குகிற அத்தியாயம் அப்படியே இருக்கட்டும், அது கதை. முன்னுரையில் அவர் கேட்ட வாக்கியம் கிடையாது. அது இல்லாமல் போடமுடியாதென்றால் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. புஸ்தகம் வெளிவந்தால் முதல் பிரதி ஓசூருக்கு.